பதினேழாம் எண் கட்டிய கிழிந்த பாய்

லோபினி சார்ஜென்ட்டுக்குக் கடவுள் கொடுத்த சொத்து அவருடைய தொண்டை. மைதானத்தில் "நேராக நில்!" என்று ஒரு சத்தம் போட்டாரென்றால், வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற பன்றிகள்கூட ஒரு நொடி அசையாமல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடகர் குழுவின் கடைசி வரிசையிலிருந்து அவர் அடிக்குரலை எடுத்துவிட்டால், முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இருபத்தாறு வருஷத்தில் நாற்பத்தொரு அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார். ஒன்றுகூடத் தேர்வில் தோற்றதில்லை. இதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் வேறு யாராவது சொல்லும்வரை காவா வேர்ச்சாறு குடிக்கிற வட்டத்தை விட்டு எழுந்திருக்கவும் மாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தத் திங்கட்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்த இருபத்துநான்கு பேருக்கு முன்னால், மைதானத்தின் நடுவில், சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மட்டுமா? இருபத்துமூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். வரிசையில் பதினேழாவது. அரசரின் மூத்த மகன், நாளைக்கு டோங்காவின் அரசர்.

யாரைக் குற்றம் சொல்வது? அரச குடும்பத்தார் எதிரே வந்தால் உட்கார்ந்துவிடுவது எங்கள் எலும்பில் ஊறியது. நம் தலை அவர்கள் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக உட்காருவான். தென்னை மரத்தில் ஏறியவன் அவசர அவசரமாக இறங்கி, நெஞ்செல்லாம் சிராய்ப்போடு உட்காருவான். இளவரசர் வாசலிலிருந்து தன் இடத்துக்கு நடந்து வந்தார், அவ்வளவுதான். மூளை யோசிப்பதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது.

இளவரசர் இப்படியும் அப்படியும் பார்த்தார். ஆறடி இரண்டு அங்குலம், அதற்கேற்ற உடம்பு. வெயிலில் தனியாக நட்டுவைத்த கம்பம்தான். கடைசியில் மெதுவாகக் கேட்டார்:

"சார்ஜென்ட், நானும் உக்காரட்டுமா?"

"ஐயய்யோ, வேண்டாம் இளவரசே. தரை ஈரமா இருக்கு" என்றார் லோபினி.

மேஜர் கலாஃபி இதையெல்லாம் தன் அறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்காதீர்கள். வந்திருந்தால் அவரும்தான் உட்கார்ந்திருப்பார்.

அரசரின் உத்தரவு தெளிவாக இருந்தது. "நாளைக்கு இந்தப் படைக்கு இவன்தான் தலைவன். அதற்கு முன்னால் வரிசையில் நின்று பழகட்டும். பட்டம் வேண்டாம், பெயர் வேண்டாம், எண் போதும்." படிக்கச் சுலபமான உத்தரவுதான். செய்து பார்த்தவருக்கல்லவா தெரியும் அதன் அருமை!

இரண்டாவது வாரத்துக்குள் லோபினி ஒருவழியாக நிற்கப் பழகிவிட்டார். ஆனால் குரல்? மற்றவர்களைத் திட்டும்போது இடிபோல வருகிற குரல், பதினேழின் பக்கம் திரும்பியதும் கொட்டாங்கச்சிக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஆகிவிடும். "பதினேழாம் எண் அவர்கள் மனசு வச்சு இடது காலை முதல்ல எடுத்து வச்சா நல்லா இருக்கும்" என்பார். வரிசையில் எங்கிருந்தோ களுக்கென்று சிரிப்பு வரும். "எவன்டா அது?" என்று இடி திரும்ப விழும்.

பையன்களும் லேசுப்பட்டவர்களா? இளவரசர் கண் விழிப்பதற்குள் அவருடைய பூட்ஸ் பளபளத்துக்கொண்டிருக்கும். துப்பாக்கியைத் துடைத்து வைத்திருப்பார்கள். குளிக்கப் போனால் மொத்தக் குளியலறையும் காலியாகிவிடும். வாயிசெலே என்று ஒருவன், ஹாபாய் தீவிலிருந்து வந்த மீன்காரன், ஓட்டத்தில் காற்று. வாயும் அப்படித்தான், நிற்காது. அவன்கூட இளவரசர் பக்கத்தில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஊமையாகிவிடுவான்.

எல்லாம் சேர்ந்து வெடித்தது நெடுநடை ஒத்திகையில். முதுகில் இருபது கிலோ மூட்டை, பதினைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஒருவன் நேரம் தவறினாலும் அணி முழுவதும் தோல்வி. இளவரசர் அவருக்குத் தெரிந்த வேகத்தில் போனார். மற்ற இருபத்துமூன்று பேரும் அவர் பின்னால், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, பட்டியில் அடைத்த ஆடுகள் மாதிரி வந்தார்கள். ஒருவனும் முந்தவில்லை. அவரை எப்படி முந்துவது! அவருக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவதா? வாயிசெலே ஒரு கட்டத்தில் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டு வந்தான், கால் அரிப்பு தாங்காமல். அணி வந்து சேர மூன்று மணி பத்து நிமிஷம் ஆயிற்று.

மேஜர் லோபினியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மூணு மணி பத்து நிமிஷம். பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க பூப்பறிச்சுக்கிட்டே வந்தாக்கூட இதவிடச் சீக்கிரம் வந்திருக்கும், லோபினி."

"ஆமா சார்."

"இன்னும் ரெண்டு வாரத்துல தேர்வு. அரண்மனையிலருந்து அதிகாரி வந்து நேரம் பாப்பார். இவங்க தோத்தா, இளவரசரை வெளிநாட்டுப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பிடுவாங்க. முடிவு பண்ணியாச்சு. நம்ம படைக்குத் தலைவர் ஆகப்போறவரை அதட்டறதுக்கு நம்ம நாட்டுல ஒரு வாய் இல்லன்னு ஆயிடும். அதுவும் இது உன் கடைசி அணி."

லோபினிக்குத் தெரியாதா? கிறிஸ்துமஸோடு ஓய்வு. நாற்பத்தொன்று ஜெயித்துவிட்டு நாற்பத்திரண்டாவதில் தோற்றுப் போய் வீட்டில் வள்ளிக்கிழங்கு நடுவதா?

வெளியே வந்தால் பதினேழு காத்துக்கொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, குதிகாலில் ரத்தம்.

"சார்ஜென்ட், ஒண்ணு கேக்கலாமா? என் முன்னாடி யாரும் ஓடி நான் பாத்ததே இல்ல. சின்ன வயசுலருந்து இப்படித்தான். நான் எவ்வளவு மெதுவா ஓடறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லோபினி தரையைப் பார்த்தார்.

"என்னை யாரும் திட்டினதும் இல்ல. நாளைக்கு நான் ஆயிரம் பேருக்கு உத்தரவு போடணுமாம். உத்தரவு காதுல விழுந்தா எப்படி இருக்கும்னே தெரியாம போடணுமா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் அப்பா இங்க அனுப்பினார். நீங்க திட்டலன்னா நான் வேற எங்க போறது?"

பாவம், பிச்சை கேட்கிற மாதிரி கேட்டார். லோபினியின் கண் கலங்கிவிட்டது. "திட்டறேன் இளவரசே, கண்டிப்பா திட்டறேன்" என்று வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி லெசியெலி முற்றத்தில் சேப்பங்கிழங்கு இலை கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இலையைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு மட்டும் வருஷம் முழுக்க இடி மின்னல். அங்க போயி தூறல்கூட இல்லையா சார்ஜென்ட்டய்யா?"

"அடியே, என் கஷ்டம் உனக்குச் சிரிப்பா இருக்கா? உடம்பு கேக்க மாட்டேங்குதுடி. வாயத் திறந்தா தொண்டை அடைக்குது."

"ஏன், பிரபுவைத் திட்டலயா நீங்க?"

"எந்தப் பிரபுவ?"

"நம்ம ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரர், அவரத்தான். அவரோட அத்தை செத்துப்போனப்ப, அடுப்புப் பக்கம் வச்சு என்ன சொன்னீங்க? ஞாபகம் இல்ல?"

லோபினிக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் காது மடல் சிவந்தது.

சாவு வீட்டில் எங்கள் கணக்கே வேறு. வெளியில் நீ யாராக வேண்டுமானாலும் இரு. இறந்தவருக்கு நீ என்ன முறை என்பதுதான் அங்கே பேச்சு. அத்தை இறந்தால் சகோதரன் பிள்ளைகள் எல்லாருக்கும் கீழே. அப்பா இறந்தால் சொந்தப் பிள்ளைகளும் அப்படித்தான். தலை வாராமல், நார் நாராகக் கிழிந்த பெரிய பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்கட்டில் குழியடுப்பு மூட்டுகிற இடத்துக்குப் போய்விட வேண்டும். பிரேதத்தின் பக்கம் வரக் கூடாது. அன்றைக்கு அந்தப் பிரபுவும் கிழிந்த பாயோடு அடுப்புப் பக்கம் வந்து நின்றார். நானூறு பேருக்குப் பன்றியும் கிழங்கும் வேக வேண்டும், அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, அடுப்புக்குப் பொறுப்பு லோபினி.

"'என்னய்யா வாயப் பாத்துக்கிட்டு நிக்கறே, விறகு எங்க'ன்னு கத்தினீங்க. அவரும் ஓடிப்போயி விறகு தூக்கிட்டு வந்தாரு. மறுவாரம் தேவாலயத்துல அவரப் பாத்ததும் பத்தடி தள்ளி உக்காந்து தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. ரெண்டும் நீங்கதான்."

லோபினி எழுந்து உள்ளே போய்ப் பரணில் எதையோ உருட்டினார்.

"என்ன தேடறீங்க?"

"அம்மாவோட பாய். அந்தக் கிழிஞ்ச பாய்."

அது எழுபது வருஷத்துப் புகை குடித்துக் கறுத்துப்போன தாழம்பாய். ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கும். கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை. லோபினி ஒன்பது வயதில், ஒரு சாவு வீட்டில் விளையாட்டாக நெருப்புக் கங்கு அள்ளப்போய் அதன் மேல் போட்டுவிட்டார். அதற்கு வாங்கின அடி இப்போதும் முதுகில் இருக்கிறது.

"எடுத்துட்டுப் போங்க. திரும்பிக் கொண்டாந்து குடுக்கணும், சொல்லிட்டேன். மாமியார் பாய்" என்றாள் லெசியெலி.

மறுநாள் மைதானத்தில் உத்தரவு போட்டார்: ஒவ்வொருவனும் வீட்டிலிருந்து அடுப்புப் பக்கப் பாயைக் கொண்டு வா. சனிக்கிழமை காலை இருபத்துநான்கு பேரும் சீருடைக்கு மேல் கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். லோபினியும் கட்டியிருந்தார், மைத்துனன் வீட்டில் வாங்கியது. பதினேழின் இடுப்பில் மட்டும் லோபினியின் அம்மாவின் பாய். அந்த உடம்புக்கு அது ஒரு சுற்றுதான் வந்தது. கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜன்னல் திறந்தது. மேஜரின் தலை எட்டிப் பார்த்தது.

"லோபினி! யார் செத்தாங்க?"

"இதுவரைக்கும் யாரும் இல்ல சார்!"

ஜன்னல் மூடிக்கொண்டது.

"இங்க பாருங்கடா" என்றார் லோபினி. "இந்த வேலிக்கு உள்ள எல்லாரும் அடுப்புப் பக்கம். நான் அடுப்புப் பக்கம், நீ அடுப்புப் பக்கம், அவரும் அடுப்புப் பக்கம். நானூறு பேர் பசியோட உக்காந்திருக்காங்க. விறகு அந்தக் குன்றுக்கு அப்பால இருக்கு. ஓடு!"

ஓடினார்கள். முதல் கிலோமீட்டர் பழைய கதைதான். எல்லாரும் பின்னால், இளவரசர் முன்னால். லோபினி சைக்கிளில் பக்கவாட்டில் வந்தார். முன்னால் போகிற கிழிந்த பாயைப் பார்த்தார். கீழே அந்த ஓட்டை தெரிந்தது. அம்மாவும் சித்தியும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தொண்டையில் எதுவோ கழன்றது.

"டேய் பதினேழு! என்னடா நடை இது, கல்யாண ஊர்வலமா? விறகு எங்கடா?"

பக்கத்துத் தோப்பில் பறவைகள் கிளம்பிப் பறந்தன. லோபினிக்கே தூக்கிவாரிப்போட்டது. வானத்திலிருந்து ஏதாவது விழுமா என்று ஒரு கணம் காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. இளவரசர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"இதோ போறேன் சார்ஜென்ட்!"

"வாயிசெலே! நீ என்ன புதுப்பொண்ணா, பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வர? தாண்டிப் போடா!"

வாயிசெலே கண்ணை இறுக மூடிக்கொண்டு பாய்ந்து தாண்டினான். தாண்டின வேகத்தில் "விறகு, விறகு!" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவன் பின்னால் இன்னொருவன். இளவரசர் முதன்முதலாக ஒரு முதுகைப் பார்த்தார், அதைத் துரத்தவும் ஆரம்பித்தார். அன்றைக்கே நேரம் இரண்டே முக்கால் மணிக்கு இறங்கியது. அந்த இரண்டு வாரமும் முகாமில் ஒரே 'விறகு' மயம். பூட்ஸ் துடைக்காதவனுக்கும் 'விறகு எங்கடா', சோற்றுக்கு முந்துகிறவனுக்கும் 'விறகு எங்கடா'. தன் பூட்ஸைத் தானே துடைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட பதினேழு, விரலெல்லாம் கறுப்போடு சாப்பிட வந்து உட்கார்ந்து வாயிசெலேயின் தட்டிலிருந்து மீனை எடுத்தார். வாயிசெலே கையைத் தட்டிவிட்டான். பிறகுதான் யார் கையென்று அவனுக்கு உறைத்தது, ஆனாலும் மீனை விடவில்லை.

தேர்வு நாள் வந்தது. அரண்மனை அதிகாரி கறுப்புக் கோட்டும் கையில் கடிகாரமுமாக வந்துவிட்டார். சீருடைக்கு மேல் பாய் கூடாது என்று மேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாய்கள் கூடாரத்தில் கிடந்தன. லோபினி பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நின்றார். அது அவருடைய சொந்த ஊர். சாலை அங்கே தேவாலயத்தைச் சுற்றித் திரும்புகிறது.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. பையன்கள் முன்னே, பதினேழு ஐம்பதடி பின்னே. ஊர் எல்லைக்குள் நுழைந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. இளவரசர் வருகிறார் என்று கேள்விப்பட்டு ஊர் முழுக்கச் சாலையின் இரண்டு பக்கமும் திரண்டிருந்தது. அவர் தலை தெரிந்ததும் முந்நூறு பேரும் சப்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். பாதிரியார் உட்கார்ந்தார். லெசியெலி உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்ததும் பையன்களின் கால் தளர்ந்தது. முதலில் ஒருவன் வேகத்தைக் குறைத்தான், பிறகு இன்னொருவன். வாயிசெலே நின்றேவிட்டான். ஒரு நிமிஷத்தில் இருபத்துமூன்று பேரும் ஒதுங்கி வழிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, அவர் முன்னால் போகட்டும் என்று காத்திருந்தார்கள். இளவரசர் வந்து அவர்களுக்கு நடுவில் நின்றார். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. சாலையின் அந்தக் கோடியிலிருந்த லோபினியைப் பார்த்தார்.

இன்னும் மூன்று கிலோமீட்டர். முப்பத்தொரு நிமிஷம் இருந்தது.

லோபினியின் முழங்கால் மடங்கத் தொடங்கியது. அதை அவரே உணர்ந்தார். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் நிற்பதே பாவம். அதற்கு மேல் கத்துவதென்றால்? இனி இந்த ஊரில் முகம் காட்ட முடியுமா? பாதிரியார் பாடகர் குழுவில் விடுவாரா? பாதி மடங்கிய காலோடு, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், இளவரசரின் கண்ணைப் பார்த்தார். நீங்க திட்டலன்னா நான் வேற எங்க போறது என்று கேட்ட அதே கண்.

காலை நிமிர்த்தினார்.

"டேய் பதினேழு! ஊருக்கு நடுவுல என்னடா வேடிக்கை? அடுப்பு அணைஞ்சுபோச்சு! விறகு எங்கடா? வாயிசெலே, ஓடுடா எருமை!"

தேவாலயத்து மணியே அதிர்ந்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பாதிரியார் காதைப் பொத்திக்கொண்டார். யாரோ ஒரு பெண் "கர்த்தாவே" என்றாள். வாயிசெலேக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, "விறகு!" என்று கூவிக்கொண்டு பாய்ந்தான். மற்ற இருபத்திரண்டு பேரும் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார்கள். கடைசியாகப் பதினேழு, மூட்டை குதிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

இரண்டு மணி இருபத்தெட்டு நிமிஷம். எல்லாரும் வந்து சேர்ந்து புல்லில் விழுந்து கிடந்த பிறகு பதினேழு கோட்டைத் தாண்டினார். தாண்டி, அப்படியே மல்லாந்து விழுந்து, மூச்சு வாங்க வாங்கக் கத்தினார்:

"சார்ஜென்ட்! நான் கடைசி! நான்தான் கடைசி!"

ஜெயித்தவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான். அரண்மனை அதிகாரி கடிகாரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

பாதிரியார் ஒரு மாதம் லோபினியோடு பேசவில்லை. அடிக்குரல் இல்லாமல் பாட்டு நொண்டியடித்ததும் தானாகவே வந்து கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு லோபினி ஓய்வு பெற்றார். கிழங்கு நட்டார், காவா வட்டத்தில் நாற்பத்திரண்டு என்று யாராவது சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார். இளவரசர் வண்டி சாலையில் போனால் மற்றவர்களோடு அவரும் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் தயங்கவே இல்லை.

ஒரே ஒரு குறைதான். பாய் திரும்பி வரவில்லை. கூடாரத்திலிருந்த மற்றப் பாய்களெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. அது மட்டும் காணோம்.

"ராஜாவோட பிள்ளைய அதட்டத் தெரிஞ்சுது. ஒரு பாயக் கேட்டு வாங்கத் தெரியல" என்று லெசியெலி வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். சாவு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கட்டாயம் சொல்வாள்.

ஐந்தாவது வருஷம் அரசர் காலமானார். நாடே கறுப்பு உடுத்தியது. ஊர்வலம் போகிற சாலையில் விடியற்காலையிலேயே போய் லோபினியும் லெசியெலியும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். நண்பகலில் பாண்டு வாத்தியம் மெதுவாக நெருங்கி வந்தது. சவப்பெட்டி கடந்து போனது. லோபினி தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் தகப்பனைப் பறிகொடுத்த மகன் நடந்து வந்தார்.

லெசியெலி முழங்கையால் இடித்தாள்.

"பாய்."

"என்னடி பாய்? சும்மா இரு."

"நம்ம பாயிங்க."

லோபினி கண்ணை மட்டும் உயர்த்தினார். அரண்மனையில் கிழிந்த பாய்க்கா பஞ்சம்? இருநூறு வருஷத்துப் பாய்களெல்லாம் பெயரோடும் கதையோடும் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் அந்த மகனின் இடுப்பில் இருந்தது புகையில் கறுத்த ஒரு தாழம்பாய். ஒரு சுற்றுதான் வந்திருந்தது. ஓரம் நூல் நூலாகத் தொங்கியது. கீழ்ப்பக்கம், ஒன்பது வயதுப் பையன் கங்கு போட்ட ஓட்டை.

அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அழுதுகொண்டே, இடது காலை முதலில் எடுத்துவைத்து, வீரர்களோடு அடி பிசகாமல் நடந்தார். லோபினியின் உதடு சத்தமில்லாமல் "இடது, இடது" என்று எண்ணிக்கொண்டு கூடவே போனது. தாடையில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

ஊர்வலம் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. லெசியெலி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே அந்தப் பாயப் பத்திக் கேக்க மாட்டேங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை.